பார்டர்லைன் கோளாறு: தனிச் சிகிச்சையா, குழுச் சிகிச்சையா?

மனநல மருத்துவர் ஒருவர் 'பார்டர்லைன் பர்சனாலிட்டி' என்று கண்டறிந்து, வாராவாரம் குழுவாக உட்கார்ந்து பயிற்சி எடுக்கச் சொன்னால், கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்களிலிருந்து முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் சிகிச்சையைப் பற்றி இருக்காது. "அங்க வேற ஆரெல்லாம் வருவாவ?" என்பதாகத்தான் இருக்கும். நாகர்கோவிலில் காலையில் நடந்தது சாயங்காலத்துக்குள் மார்த்தாண்டம் போய்ச் சேர்ந்துவிடும் மாவட்டம் இது. கோயில் கமிட்டி, சபை, பங்கு, கல்லூரி, கல்யாண சம்பந்தம் என்று ஏதாவது ஒரு வழியில் யாரும் யாருக்கும் தெரிந்தவர்தான். நாளை பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது இந்தப் பேச்சு வந்துவிடுமோ என்று பெற்றோர் பயப்படுவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தினால், 'எங்களுக்குத் தனியாகப் பேசுவது மட்டும் போதும்' என்று முடிவெடுப்பவர்கள், இந்தக் கோளாறுக்கு நன்றாக வேலை செய்யும் ஒரு சிகிச்சையின் பாதியை விட்டுவிடுகிறார்கள். குழுவில் உண்மையில் என்ன நடக்கிறது, தனி அறையில் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் அந்த முடிவு வேறு மாதிரி இருக்கலாம்.

முதலில் கோளாறு பற்றிக் கொஞ்சம். உணர்ச்சி சட்டென்று உச்சத்துக்கு ஏறும், இறங்க வெகுநேரம் ஆகும். நெருங்கியவர் விட்டுப் போய்விடுவாரோ என்ற பயம் ஓயாது. இன்று தெய்வமாகத் தெரிந்தவர் நாளை துரோகியாகத் தெரிவார். நான் யார், எனக்கு என்ன வேண்டும் என்பதே பிடிபடாது. உள்ளுக்குள் வெறுமை, அடக்க முடியாத கோபம், யோசிக்காமல் செய்துவிடும் காரியங்கள், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, தற்கொலை எண்ணம், நெருக்கடி நேரத்தில் தோன்றும் சந்தேகம் அல்லது மரத்துப்போன உணர்வு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் தன் கையேட்டில் இதைச் சேர்த்தது. இப்போதைய பதிப்பு 9 அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றில் குறைந்தது 5 இருக்க வேண்டும், இளம் வயதிலேயே தொடங்கி வாழ்க்கையின் பல இடங்களிலும் அவை நீடிக்க வேண்டும். அப்போதுதான் இந்தப் பெயரைச் சொல்லலாம். கோபப்படுகிற பெண்ணுக்கெல்லாம் ஒட்டிவிடுகிற பெயர் அல்ல இது. அப்படி ஒட்டப்படுவதும் நடக்கிறது என்பது வேதனையான விஷயம்.

இந்தக் கோளாறுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அங்கீகரித்த மாத்திரை ஒன்றுகூட இல்லை. பிரிட்டனின் 2009 வழிகாட்டுதலும், இந்தக் கோளாறையே குணப்படுத்தும் நோக்கத்தில் மருந்து தர வேண்டாம் என்றுதான் சொல்கிறது. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கோ தூக்கமின்மைக்கோ மருந்து தேவைப்படலாம், அது வேறு. பேச்சு வழிச் சிகிச்சைதான் இங்கே முதன்மைச் சிகிச்சை. அதனால்தான் அதை எந்த வடிவத்தில் எடுப்பது என்ற கேள்விக்கு இவ்வளவு கனம்.

'இது குணமாகவே ஆகாது' என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஓர் ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேரி ஜனரினி என்ற ஆய்வாளர் 1992இல் அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் தொடங்கியது அது. இந்தக் கோளாறு உள்ள 290 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 10 ஆண்டுகளுக்குள் அவர்களில் 93 சதவீதம் பேருக்கு, குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது கோளாறின் வரையறைக்குள் வராத அளவுக்கு அறிகுறிகள் தணிந்திருந்தன. வேலை, உறவு எல்லாம் சேர்த்து முழுமையாக மீண்டவர்கள் பாதிப் பேர். அறிகுறி தணிவதும் வாழ்க்கை சீராவதும் ஒன்றல்ல என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

சரி, தனி அறைக்குள் என்ன நடக்கிறது? கற்பனையாக, தூத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். கணவர் ஆழ்கடல் படகில் போகிறவர். போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும், கரையை விட்டுத் தள்ளிப் போனதும் செல்போன் கிடைக்காது. அவள் இரவு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திக்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்திருக்கிறது. அரை மணி நேரத்தில் 'என்னை மறந்துவிட்டார்', ஒரு மணி நேரத்தில் 'அவருக்கு நான் வேண்டாம்', அதற்கு அப்புறம் மாமியாரோடு சண்டை, பிறகு தன்னைக் காயப்படுத்திக்கொள்வது. மறுநாள் கேட்டால் 'எப்படி ஆச்சுன்னே தெரியல' என்பாள். தனிச் சிகிச்சையில் சிகிச்சையாளரும் அவளும் சேர்ந்து அந்த இரவைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். அன்று தூங்கினாளா, சாப்பிட்டாளா, எந்த நொடியில் மனம் திரும்பியது, என்ன நினைத்தாள், உடம்பில் என்ன தோன்றியது, எந்தக் கண்ணியில் வேறொன்று செய்திருக்கலாம். தினமும் உணர்ச்சியின் அளவையும் காயப்படுத்திக்கொள்ளும் உந்துதலையும் குறித்துக்கொண்டு வரும் அட்டை ஒன்றும் இருக்கும். உயிருக்கு ஆபத்தானது எதுவோ அதைத்தான் முதலில் பேசுவார்கள், மற்றதெல்லாம் பிறகு. ஒருத்தியின் வாழ்க்கைக்குள் இத்தனை நுணுக்கமாகப் போவது ஆறேழு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் நடக்காது. பழைய கொடுமைகள், பாலியல் அத்துமீறல் போன்றவற்றைத் திறக்கவும் தனி அறைதான் இடம்.

ஆனால் தனிச் சிகிச்சைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம்தான் இந்தக் கோளாறின் மையம். சிகிச்சையாளர் ஒருவர் வாராவாரம் முழுக் கவனத்தோடு கேட்கும்போது, அந்தப் பயம் அவர் மீதே திரும்பும். அவர் ஒரு வாரம் லீவு போட்டால் தாங்க முடியாது. ஒரு வார்த்தை கடுமையாகத் தோன்றினால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். அனுபவம் உள்ளவர் இந்தப் புயலையே சிகிச்சைக்குப் பயன்படுத்துவார். அனுபவம் இல்லாதவர் ஒன்று பயந்து விலகுவார், இல்லையென்றால் அளவு மீறி நெருங்கி, நடுராத்திரி போனுக்கெல்லாம் ஓடி, ஆறு மாதத்தில் களைத்துக் கைவிடுவார். அப்படிக் கைவிடுவது எல்லாவற்றையும்விட மோசமானது.

இனி குழு. நம் ஆட்கள் குழுச் சிகிச்சை என்றதும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக எழுந்து தன் கதையைச் சொல்லி அழுவது என்றுதான் நினைக்கிறார்கள். குடிநோயாளிகள் குழுக்களைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். டிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபியின் குழு அப்படி இல்லை. அது ஒரு வகுப்பு. மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய இந்தச் சிகிச்சையை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதித்த முதல் ஆய்வு 1991இல் வெளியானது. தான் இளவயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை 2011இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவர் வகுத்த குழு வாரம் ஒருமுறை, இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் நடக்கும். முதல் பகுதியில் போன வார வீட்டுப்பாடத்தைப் பார்ப்பார்கள், இரண்டாவது பகுதியில் புதிய திறன் ஒன்றைக் கற்பார்கள். நிகழ்கணத்தைக் கவனிப்பது, நெருக்கடியை மோசமாக்காமல் தாங்குவது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவையும் சுயமரியாதையையும் இழக்காமல் கேட்பதும் மறுப்பதும் என்று நான்கு பாடங்கள். ஒரு சுற்று முடிய சுமார் ஆறு மாதம். ஓராண்டுச் சிகிச்சையில் இரண்டு சுற்று.

தூத்தூர்ப் பெண்ணையே மறுபடி பார்ப்போம். குழுவில் அவள் தன் கணவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை. 'உண்மையைச் சரிபார்' என்ற திறனை அன்று கற்கிறாள். ஒற்றை டிக் என்றால் செய்தி அந்தப் போனுக்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை என்று பொருளல்ல. பார்த்தால் சாதாரண விஷயம்தான். ஆனால் உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது இது தோன்றாது என்பதுதான் நோயே. கடல் கொந்தளிக்கும்போது நீச்சல் பழக முடியாது, அமைதியான நாளில்தான் பழக வேண்டும். குளிர்ந்த நீரில் முகத்தை வைப்பது, மூச்சை நீட்டி விடுவது போன்ற உடம்பு சார்ந்த உத்திகளும் இப்படித்தான், திரும்பத் திரும்பச் செய்து பழக்கமாக வேண்டும். தனி அறையில் வாராவாரம் ஏதாவது ஒரு புதிய நெருக்கடி வந்து அந்த ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். பாடம் நடத்த நேரமே இருக்காது. பாடத்தைத் தனி வகுப்பாக லினஹன் பிரித்து வைத்ததற்கு இதுதான் காரணம்.

குழுவின் விதிகளைப் பார்த்தால் பயம் இன்னும் கொஞ்சம் குறையும். காயப்படுத்திக்கொண்டதை விவரிக்கக் கூடாது, ஏனென்றால் அது மற்றவர்களுக்குத் தொற்றும். இங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. ஒருவரோடொருவர் வெளியில் ரகசிய உறவு வைத்துக்கொள்ளக் கூடாது. தொடர்ந்து நான்கு வாரம் வராவிட்டால் அந்தச் சுற்றிலிருந்து வெளியே போக வேண்டியதுதான். கடைசி விதி கொடுமையாகத் தோன்றலாம். கோபித்துக்கொண்டு வராமல் இருப்பதும், பிறகு திரும்பி வருவதும் இந்தக் கோளாறில் அடிக்கடி நடப்பது. வந்தால் கதவு திறந்திருக்கிறது என்றும், எங்கே மூடும் என்றும் முன்கூட்டியே தெரிந்திருப்பது நோயாளிக்கு நல்லது.

எல்லாக் குழுவும் இப்படி வகுப்பாக இருக்காது. பேட்மன், ஃபொனகி இருவரும் லண்டனில் உருவாக்கிய மென்டலைசேஷன் சிகிச்சை, தன் மனதிலும் பிறர் மனதிலும் என்ன ஓடுகிறது என்று புரிந்துகொள்ளப் பழக்குவது. அதில் தனிச் சந்திப்பும் குழுச் சந்திப்பும் வாராவாரம் சேர்ந்தே நடக்கும், 18 மாதம். அந்தக் குழுவில் ஆட்கள் பேசுவார்கள், உரசுவார்கள். 'நீ அப்படிப் பார்த்தது என்னை வெறுப்பதால்தான்' என்று ஒருவர் நினைத்தது உண்மையா என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். சிறுவயதிலேயே மனதில் பதிந்துபோன நம்பிக்கைகளை மாற்ற முயலும் ஸ்கீமா சிகிச்சையின் குழுவிலும் உறவுதான் மருந்து. அமெரிக்காவின் ஐயோவாவில் தொடங்கிய ஸ்டெப்ஸ் என்ற 20 வாரப் பயிற்சி வகுப்பு மாதிரிதான், ஆனால் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் அதே பாஷையைக் கற்றுத் தரும். நோயாளி நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை விடாமல் இதைக் கூடுதலாக எடுக்கலாம். அதனால் 'குழு' என்று யாராவது சொன்னால் எந்த வகைக் குழு என்று கேட்காமல் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லக் கூடாது.

எது நன்றாக வேலை செய்கிறது என்பதை நேருக்கு நேர் சோதித்த ஆய்வுகள் குறைவு. இருப்பவற்றில் இரண்டு முக்கியம். முதலாவது லினஹன் 2015இல் வெளியிட்டது. தற்கொலை முயற்சியும் சுயகாயமும் இருந்த 99 பெண்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முழு டிபிடி. இன்னொன்றுக்குத் திறன் குழுவும், தனிச் சிகிச்சைக்குப் பதிலாக அன்றாடத் தேவைகளைக் கவனித்து வழிகாட்டும் ஒருவரும். மூன்றாவதற்குத் தனிச் சிகிச்சையும், திறன் எதுவும் கற்பிக்காத வேறொரு குழுவும். தற்கொலை முயற்சி மூன்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்தது. ஆனால் சுயகாயத்தின் எண்ணிக்கை, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவை திறன் குழு இருந்த இரண்டு பிரிவுகளிலும் கூடுதலாகக் குறைந்தன. திறன் குழு இல்லாத மூன்றாவது பிரிவினரைவிட முழு டிபிடி பெற்றவர்கள் பாதியில் நிறுத்துவது குறைவாக இருந்தது. இதை வைத்து 'குழு மட்டும் போதும்' என்று சிலர் சொல்கிறார்கள். அது அவசர முடிவு. குழு மட்டும் என்று சொல்லப்பட்ட பிரிவிலும் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கவனிக்க ஒரு ஆள் இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது ஆய்வு ஆர்ன்ட்ஸ் குழுவினருடையது, 2022. நெதர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கிரீஸ் என்று 5 நாடுகள், 15 இடங்கள், 495 பேர், இரண்டு ஆண்டு. பெரும்பாலும் குழுவாகவே தரப்படும் ஸ்கீமா சிகிச்சை, தனியும் குழுவும் கலந்த ஸ்கீமா சிகிச்சை, வழக்கமான சிகிச்சை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். கலந்த வடிவம் மற்ற இரண்டையும் விடத் தெளிவாக முன்னால் நின்றது. பெரும்பாலும் குழுவாகத் தந்தது வழக்கமான சிகிச்சையைவிடச் சிறந்தது என்று நிரூபிக்க முடியவில்லை. சிகிச்சையில் நிலைத்தவர்களும் கலந்த வடிவத்தில்தான் அதிகம். இதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான்: குழு கற்றுக்கொடுக்கிறது, தனிச் சந்திப்பு ஆளை விட்டுப் போகாமல் பிடித்து வைக்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது பாதி வேலைதான் செய்யும்.

அதற்காக முழு வடிவம் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன். மக்மெய்ன் என்பவர் கனடாவில் செய்த இரண்டு ஆய்வுகள் நம்மைப் போன்ற இடங்களுக்கு நேராகப் பொருந்துபவை. 2017இல் வெளியான ஆய்வில் 84 பேரில் ஒரு பகுதியினருக்கு 20 வாரத் திறன் குழுவும், மற்றவர்களுக்குக் காத்திருப்புப் பட்டியலும். குழுவுக்குப் போனவர்களிடம் தற்கொலை முயற்சியும் சுயகாயமும் கூடுதலாகக் குறைந்தன. 2009இல் வெளியான இன்னொன்றில் 180 பேர். ஒரு பாதிக்கு முழு டிபிடி, மறு பாதிக்கு மனநல மருத்துவரிடம் வாரம் ஒரு தனிச் சந்திப்பு. அந்தச் சந்திப்புக்கும் அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் கண்டர்சன் முதலானோரின் வழிமுறையில் தெளிவான திட்டம் இருந்தது. ஓராண்டு முடிவில் இரண்டும் சமம். பெரிய அமைப்பு இல்லாவிட்டாலும், இந்தக் கோளாறைத் தெரிந்த ஒருவர் திட்டத்தோடு ஒழுங்காகப் பார்த்தால் நன்மை உண்டு என்பது இதன் செய்தி.

நம் மாவட்டத்துக்கு வருவோம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. தனியார் மருத்துவர்கள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உண்டு. மேற்குப் பகுதியில் இருப்பவர்கள் பலர் நேரே திருவனந்தபுரத்துக்குப் போய்விடுவார்கள். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் ஒருவருக்கு வாராவாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவது எவ்வளவு கடினம் என்று யாருக்கும் விளங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 பேரைத் தனித்தனியாகப் பார்க்க வாரம் 8 மணி நேரம் வேண்டும். அதே 8 பேரைக் குழுவாக வைத்து இரண்டு பேர் இரண்டு மணி நேரம் நடத்தினால் 4 மணி நேரம். மிச்சமாகும் நேரத்தில் அவர்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது தனியாகச் சந்திக்கலாம். அரசு மருத்துவமனையில் இந்தக் கோளாறுக்கு நடைமுறையில் சாத்தியப்படக்கூடிய வடிவம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குழுவுக்கு இங்கே இருக்கும் தடைகள் ரகசியம் மட்டுமல்ல. அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரித் தொழிற்சாலைக்குப் போகும் பெண் ஒரு நாள் வராவிட்டால் அந்த நாள் கூலி போயிற்று. ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு விடியற்காலை வேலை, காலை பத்து மணிக் குழு சரிப்பட்டு வரலாம், மழைக்காலத்தில் இன்னும் வசதி. தனிச் சந்திப்பை ஆளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம், குழு நேரத்தை மாற்ற முடியாது. மகளிருக்குக் கட்டணமில்லாத பேருந்து ஓடும் வழியில், ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குழு நடந்தால் அதுவே பெரிய உதவி.

மொழியும் இருக்கிறது. விளவங்கோடு பக்கத்துப் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். தனி அறையில் எந்தக் கலவையிலும் பேசிக்கொள்ளலாம். திருவனந்தபுரத்தில் ஒரு குழுவில் சேர்ந்தால் பெரும்பாலும் மலையாளத்தில் நடக்கலாம். பயிற்சித் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கோபம், வெட்கம், ஏக்கம், பொறாமை இவற்றையெல்லாம் தன் வீட்டு வார்த்தையில் சொல்லிப் பழகினால்தான் திறன் கை கொடுக்கும்.

ரகசியம் பற்றி வெளிப்படையாகப் பேசலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. அது மருத்துவரையும் பணியாளர்களையும் கட்டுப்படுத்துகிறது. பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக் கட்டுப்படுத்துவது குழு விதியும் அவருடைய நல்ல மனதும்தான். அதனால் சேருவதற்கு முன் நடத்துபவரிடம் கேளுங்கள்: உறவினரோ அதே ஊர்க்காரரோ வந்தால் என்ன செய்வீர்கள், முழுப் பெயர் சொல்ல வேண்டுமா, முதல் வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா. பல மாவட்டத்துக்காரர்கள் சேரும் ஆன்லைன் குழு ஒரு வழி. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இருக்கும் வீட்டில் ஹெட்போன் போட்டுக்கொண்டு பேசுவது தனியிடம் ஆகாது. அப்படியானவர்களுக்கு திருநெல்வேலி வரை போய்வருவதே மேல்.

பங்குத்தந்தையும் போதகரும் அருட்சகோதரிகளும் இங்கே நிறையப் பேருக்குக் காது கொடுக்கிறார்கள், துக்கத்திலும் குடும்பச் சண்டையிலும் அது பெரிய ஆறுதல். இந்தக் கோளாறுக்கு மட்டும் அந்த ஆறுதல் போதாது. இதற்கென்று பயிற்சி பெற்றவர் வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

ஆண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆய்வுகளில் பெரும்பாலும் பெண்கள்தான், 2015 ஆய்வில் பெண்கள் மட்டுமே. இதே கோளாறு உள்ள ஆண் நம் ஊரில் குடி, அடிதடி, பைக் விபத்து என்றுதான் மருத்துவமனைக்கு வருவான். குடிக்கு மட்டும் சிகிச்சை எடுத்துவிட்டுப் போய்விடுவான். பெண்கள் மட்டும் இருக்கும் குழுவில் அவனைச் சேர்ப்பதும் கஷ்டம், அவனுக்கென்று ஒரு குழு திரட்டுவதும் கஷ்டம். இப்போதைக்கு அவனுக்குத் தனிச் சிகிச்சையில் திறன்களைச் சேர்த்துக் கற்பிப்பதுதான் வழி.

தற்கொலை எண்ணம் தீவிரமாக இருக்கும் நேரத்தில் தனியா குழுவா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்கிறது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், தனிச் சந்திப்பில் தொடங்குங்கள் என்பேன். மூன்று நான்கு சந்திப்புகளில் நம்பிக்கை கொஞ்சம் வந்ததும், அந்தச் சிகிச்சையாளரைத் தெரிந்த ஒருவர் நடத்தும் திறன் குழுவில் சேருங்கள். குழு தொடங்கிய பிறகு தனிச் சந்திப்பை நிறுத்த வேண்டாம், இடைவெளியை வேண்டுமானால் கூட்டுங்கள். முதல் ஐந்தாறு வாரம் குழு பிடிக்காது, 'இதெல்லாம் பள்ளிக்கூடம் மாதிரி' என்று தோன்றும். அதைத் தனிச் சந்திப்பில் சொல்லுங்கள், நின்றுவிட வேண்டாம். குழு என்றைக்கு முடியும், அதற்குப் பின் யாரைப் பார்ப்பது, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரிவைத் தாங்க முடியாத ஒருவருக்கு, சிகிச்சை திடீரென்று ஒரு நாள் முடிந்துவிடுவது பழைய காயத்தையே மறுபடி தருவதாகும். அதனால் கடைசி இரண்டு மாதச் சந்திப்புகளையும் அந்த முடிவைப் பற்றிப் பேசவே ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள்.